வலியின் அருமை தெரிந்த டாக்டர்

செண்டாயான் பக்கத்துத் தோட்டங்களில் பால் வெட்டிய தலைமுறையிடம் பேச்சுக் கொடுத்தால், கால்களைப் பற்றி நிறையச் சொல்வார்கள். விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பனி காயாத நிரையில் இறங்கிய கால்கள் அவை. முள் குத்தும், அட்டை ஏறும், மழைக்காலத்தில் சேற்றுப்புண் வரும். குத்திய முள்ளை நின்ற இடத்திலேயே ஊக்கால் நெம்பி எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போவார்கள். வலித்ததால்தான் முள் இருப்பது தெரிந்தது. தெரிந்ததால்தான் எடுத்தார்கள்.

அந்த நிரைகளில் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்ற புது நகரம் வந்திருக்கிறது. அன்று பால் வெட்டியவர்கள் இப்போது பேரப்பிள்ளைகளோடு கல்வீடுகளில் இருக்கிறார்கள். கூடவே இனிப்புநீரும் குடியேறிவிட்டது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டில் வயது வந்தவர்களில் 100க்கு 18 பேருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. இந்தியர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் அது 31. ஏறத்தாழ மூன்று பேருக்கு ஒருவர்.

கல்யாண வீட்டிலோ கோயில் திருவிழாவிலோ பந்தியில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. "அவருக்குக் கட்டைவிரலை எடுத்துட்டாங்களாம்." "ஏன், என்ன ஆச்சு?" "சிலிப்பர்ல ஆணி ஏறியிருக்கு. நாள் பூரா அதோடயே நடந்திருக்காரு. தெரியவே இல்லையாம்."

அந்தத் 'தெரியவே இல்லை'யில்தான் விஷயம் இருக்கிறது. எழுபது ஆண்டுகளுக்கு முன்பு வேலூரில் எலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். அவருடைய நோயாளிகள் நீரிழிவுக்காரர்கள் அல்லர், தொழுநோயாளிகள். ஆனால் அவர்களிடம் அவர் கற்றுக்கொண்ட பாடம்தான் இன்று நம் கிளினிக்குகளில், நம் அப்பா அம்மாவின் பாதங்களைப் பரிசோதிக்கப் பயன்படுகிறது. அவர் பெயர் பால் பிராண்ட்.

கொல்லிமலைப் பிள்ளை

பெயர் ஆங்கிலேயப் பெயர்தான். ஆனால் பிறந்தது 1914ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் தேதி, ஊட்டியில். வளர்ந்தது கொல்லிமலையில். தந்தை ஜெஸ்ஸி, தாய் ஈவ்லின் இருவரும் கிறிஸ்துவ ஊழியத்துக்காக அந்த மலைக்கு ஏறிப்போனவர்கள். ஜெஸ்ஸிக்குக் கட்டட வேலை தெரியும். மருத்துவத்திலும் கொஞ்சம் பயிற்சி உண்டு. மலையில் அப்போது மலேரியா வாட்டியது. காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, சொத்தைப் பல்லைப் பிடுங்குவது, நரம்புச்சிலந்திப் புழுவை ஒரு குச்சியில் நாளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி வெளியே எடுப்பது என்று ஜெஸ்ஸி செய்தவை எல்லாவற்றையும் மகன் கிட்ட நின்று பார்த்தான். செருப்பில்லாமல் மலைப்பிள்ளைகளோடு மரம் ஏறித் திரிந்த அவனுக்கு, தமிழும் வீட்டு மொழி போலத்தான்.

ஒரு நாள் மூன்று பேர் மலையேறி வந்தார்கள். விரல்கள் மழுங்கிப்போய், பாதங்களில் துணி சுற்றியிருந்தது. யாரையும் தொடத் தயங்காத அப்பா அன்று கையுறை மாட்டிக்கொண்டதைப் பிள்ளை கவனித்தான். புண்களைக் கழுவிக் கட்டுப்போட்டார். அவர்கள் போனபின், அவர்கள் தொட்ட கூடையை வீட்டார் எரித்துவிட்டார்கள். தொழுநோய் என்றால் அன்றைக்கு அவ்வளவு பயம். பயந்துகொண்டேதான் வைத்தியமும் பார்த்தார்கள்.

1923இல், ஒன்பது வயதில், படிப்புக்காக பாலும் தங்கையும் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். அதன்பிறகு அப்பாவை அவன் பார்க்கவே இல்லை. 1929இல் மலேரியா முற்றி ஜெஸ்ஸி மலையிலேயே இறந்துபோனார். தந்தி முதலில் வந்தது. அப்பா உயிரோடு இருந்தபோது எழுதிப் போட்ட கடிதங்கள் கப்பலேறி அதற்குப் பிறகு வந்து சேர்ந்தன. தாய் ஈவ்லின் திரும்ப மலைக்கே போனார். தள்ளாத வயதிலும் மட்டக்குதிரையில் ஏறி ஊர் ஊராகச் சுற்றிய அந்த அம்மா 1974இல், 95 வயதில் காலமானபோது, கொல்லிமலையிலேயே கணவர் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

மகனுக்கு முதலில் மருத்துவத்தில் விருப்பமே இல்லை. சீழும் ரத்தமும் பார்த்தால் குமட்டும். அப்பாவைப் போலக் கட்டட வேலை கற்கப் போய், ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் தச்சுவேலையும் கொத்து வேலையும் பழகினார். பிறகு, வெளிநாட்டு ஊழியத்துக்கு உதவுமே என்று ஒரு குறுகிய மருத்துவப் பயிற்சியில் சேர்ந்தார். அப்போது, ரத்தம் இழந்து வெளுத்து, பிணம்போலக் கிடந்த ஒரு பெண்ணுக்கு ரத்தம் ஏற்றுவதைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கன்னம் சிவந்து, அவள் தண்ணீர் கேட்டாள். அதோடு மனம் மாறியது. 1937இல் லண்டனில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். போர்க்காலத்தில் லண்டன்மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது இரவும் பகலும் அறுவை அறையில் நின்று கற்றார். தச்சு உளியும் கொத்துக் கரண்டியும் பிடித்த ஆண்டுகள் வீணாகவில்லை. எலும்பு மருத்துவத்தில் பாதி தச்சு வேலைதான் என்று அறுவை மருத்துவர்களே வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

1946இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. குறுகிய காலத்துக்கு என்று வந்தவர், இருபது ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டார். மனைவி மார்கரெட்டும் மருத்துவர். வேலூரில் கண் அறுவை அவருடைய துறையாயிற்று.

வளைந்த மரமும் குதிகால் நாணும்

'ஆர்த்தோபீடிக்ஸ்' என்ற சொல்லைத் தந்தவர் ஒரு பிரெஞ்சு மருத்துவர். நிக்கோலா ஆந்த்ரி 1741இல், எண்பது வயதைத் தாண்டியபின், பிள்ளைகளின் உடற்குறைகளைத் தடுப்பதும் திருத்துவதும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 'நேர்', 'குழந்தை' என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதற்குப் பெயர் வைத்தார். கோணலாக வளரும் இளமரத்தை நேரான கம்போடு சேர்த்துக் கட்டியிருக்கும் படம் அந்த நூலில் உண்டு. இன்றும் உலகின் பல எலும்பு மருத்துவச் சங்கங்களின் சின்னம் அதுதான். தமிழில் 'முடநீக்கியல்' என்று சொன்னாலும் பொருள் அதேதான்.

ஆந்த்ரி கத்தி எடுத்தவர் அல்லர். கத்தி எடுத்தவர் மோன்பெலியே நகரத்துப் பேராசிரியர் ழாக் மத்தியே தெல்பெஷ். பிறவியிலேயே பாதம் உட்பக்கம் திரும்பிய ஒரு சிறுவனுக்கு 1816இல் குதிகால் நாணை வெட்டிவிட்டுப் பாதத்தை நேராக்க முயன்றார். எலும்பு வளைவதற்கு எலும்பு மட்டுமே காரணம் அல்ல, அதை இழுக்கும் தசையும் நாணும்கூடக் காரணம் என்று பார்த்தவர் அவர். பிள்ளைகளுக்காக உடற்பயிற்சித் தோட்டத்தோடு கூடிய ஒரு நிலையம் நடத்தினார். 1832இல் அந்த நிலையத்துக்கு வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது, அவரிடம் முன்பு அறுவை செய்துகொண்ட ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றான்.

அதற்கடுத்த நூற்றாண்டில் இந்தத் துறை எங்கேயோ போய்விட்டது. போலியோ, எலும்புக் காசநோய், போர்க்காயம் எல்லாவற்றுக்கும் வழி தேடினார்கள். ஆனால் அதிகமான மனிதர்களின் கையையும் காலையும் முடமாக்கிக்கொண்டிருந்த தொழுநோயை மட்டும் அநேகமாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 'அது சதையை அழுகவைக்கும் நோய், வெட்டித் தைத்து என்ன பயன்?' என்பதே எண்ணம். நோயாளிகளை ஊருக்கு வெளியே வைத்தார்கள். நம் நாட்டில் 1930இல் திறந்த சுங்கை பூலோ குடியிருப்பிலும் எத்தனையோ பேர் குடும்பத்தைப் பிரிந்து வாழ்ந்தார்கள். அவர்களில் தோட்டத்துத் தமிழர்களும் இருந்தார்கள். இங்கிருந்தும் வீட்டார் சொல்லிக்கொள்ளாமல் மறைத்த கதைகள் பல.

செங்கல்பட்டில் ஒரு கைகுலுக்கல்

1947இல் பிராண்ட், தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரனோடு செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிப் பார்த்தார். எங்கே திரும்பினாலும் பறவை நகம்போல மடங்கிய விரல்கள். காக்ரன் தோல் மருத்துவர். கைகளைப் பற்றிக் கேட்டால், 'அது உங்கள் துறை, நீங்கள்தான் சொல்லவேண்டும்' என்றார்.

ஒரு நோயாளியின் மடங்கிய விரல்களுக்குள் பிராண்ட் தம் கையைக் கொடுத்து, அழுத்தச் சொன்னார். செத்துப்போன கை, என்ன அழுத்தப்போகிறது என்று நினைத்திருப்பார். அந்த மனிதர் அழுத்திய அழுத்தில் இவர் வலியில் கத்திவிட்டார். நோயாளிக்கோ தாம் அழுத்துவதே தெரியவில்லை.

கத்தல் அடங்கியதும் பிராண்டுக்குப் பிடிபட்டது இதுதான்: இந்தக் கையில் நல்ல பலமுள்ள தசைகள் இருக்கின்றன. சில தசைகள்தான் செயலிழந்திருக்கின்றன. எவை, எதனால் என்று கண்டுபிடித்துவிட்டால் ஏதாவது செய்யலாம்.

அதற்கு, இறந்த ஒரு நோயாளியின் கையை அறுத்து நரம்பின் வழியே பார்க்கவேண்டும். அந்த வாய்ப்பு சுலபத்தில் கிடைக்கவில்லை. கிடைத்தபோது ராத்திரியோடு ராத்திரியாகச் செங்கல்பட்டுக்குப் போய் வேலையை முடித்தார்கள். கண்டது இது. நரம்புகள் எல்லா இடத்திலும் கெடவில்லை. முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் என, தோலுக்கு மிக அருகில் ஓடும் இடங்களில் மட்டும் வீங்கியிருந்தன. தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சியான இடம் பிடிக்கும். உடலின் ஆழத்தைவிட அந்த இடங்கள் குளிர்ச்சி. ஆகவே அந்த இடங்களுக்கு மேலேயே நரம்புக் கிளை பெற்றுவிடும் முன்னங்கைத் தசைகள் தப்பித்துக்கொள்கின்றன. உள்ளங்கையில் இருக்கும் சின்னத் தசைகள் செயலிழக்கின்றன. விரலை மடக்கும் தசை ஒருபுறம் இழுக்க, அதற்கு ஈடுகொடுக்கும் தசை இல்லாததால் விரல் நகம்போல மடங்கிக்கொள்கிறது.

தெல்பெஷ் இழுக்கும் நாணை வெட்டிவிட்டார். பிராண்ட் நாணை இடம் மாற்றினார். முன்னங்கையில் நல்ல நிலையில் உள்ள ஒரு தசையின் நாணை எடுத்து, தேவையானால் வேறு இடத்து நாணை ஒட்டுப்போட்டு நீட்டி, உள்ளங்கை வழியே கொண்டுபோய் விரல்களில் தைப்பது. போரில் கை காயப்பட்டவர்களுக்கும் போலியோ வந்தவர்களுக்கும் செய்துகொண்டிருந்த உத்திதான். தொழுநோயாளிக்கு அதைச் செய்து பார்க்கத் துணிந்ததே புதுமை. சில வாரம் மாவுக்கட்டு. பிறகு கட்டைப் பிரித்ததும் மூளைக்குப் புதுப்பாடம் தொடங்கும். மணிக்கட்டை நிமிர்த்த நினைத்தால் விரல் அசையும். நாளெல்லாம் பயிற்சி செய்து, கடைசியில் ஒருவர் சோற்றைப் பிசைந்து தாமே வாயில் வைப்பார். நம் கைகளுக்கு அது சாதாரணம். சோறு உண்ணும் நாட்டில், ஆண்டுக்கணக்காகப் பிறர் ஊட்ட உண்டவருக்கு அப்படியல்ல.

ஆனால் எல்லாம் நல்லபடியாகப் போகவில்லை. முதலில், படுக்கை கொடுக்க ஆஸ்பத்திரிக்குள்ளேயே தயக்கம். தொழுநோயாளியைச் சேர்த்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்ற பயம். அதைவிட, அறுவை முடிந்து நல்ல கையோடு போன ஒருவர் சில நாளில் திரும்பி வந்து முறையிட்டார்: இந்தக் கை பிச்சைக்கு உதவவில்லை. முன்பு மடங்கிய விரலைக் காட்டினால் இரக்கப்பட்டார்கள், இப்போது காசு விழுவதில்லை. முகத்தைப் பார்த்து யாரும் வேலையும் தருவதில்லை. எனக்கு இந்தக் கதைதான் பிராண்டின் வாழ்க்கையிலேயே முக்கியமாகப் படுகிறது. கையை நேராக்கிவிட்டதோடு வேலை முடியவில்லை என்று அந்த மனிதர் சொல்லித்தான் மருத்துவருக்குத் தெரிந்தது.

அதன்பிறகு கல்லூரி வளாகத்திலேயே 'நவஜீவ நிலையம்' வந்தது. குடிசைகள், அறுவை, பயிற்சி, தச்சுப்பட்டறை. பிராண்டின் பழைய தொழில் இங்கே உதவியது. இளைஞர்கள் மரப்பொம்மை செய்து விற்றார்கள். தொழுநோயால் புருவ முடி உதிர்ந்தவர்களுக்கு, தலைத்தோலிலிருந்து எடுத்துப் புருவம் ஒட்டவைத்தார்கள். தலைமுடிதானே, அது பாட்டுக்கு வளரும், அடிக்கடி கத்தரிக்கவேண்டும். சிலர் கத்தரிக்காமல் பெருமையாக வளரவிட்டார்களாம்.

துருப்பிடித்த பூட்டு

ஒரு நாள் பிராண்ட் ஒரு கிடங்கின் பூட்டைத் திறக்கப் பார்த்தார். துரு ஏறிய பூட்டு, சாவி அசையவில்லை. அருகில் நின்ற பத்து வயது மதிக்கத்தக்க ஒரு நோயாளிப் பையன், "குடுங்க டாக்டர்" என்று வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். இவருக்கு ஆச்சரியம். இத்தனை பலமா? அப்போது தரையில் ரத்தத் துளிகள் தெரிந்தன. பையனின் விரலைப் பிடித்துப் பார்த்தால் சாவியின் ஓரம் சதையைக் கிழித்து எலும்பு தெரிகிறது. அவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

பையன் பலசாலி அல்ல. வலி இல்லாததால் நிறுத்தத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதிலிருந்து நவஜீவ நிலையத்தில் ஒரு துப்பறியும் வேலை தொடங்கியது. ஒவ்வொருவர் விரலையும் அளந்து குறித்துக்கொள்வது. புதுக் காயம் வந்தால் அது எங்கே, எப்படி வந்தது என்று தேடுவது. இளைஞர்களே துப்பறிவாளர்கள். சூடான டம்ளர், அணையாத பீடி, சுத்தியல் கைப்பிடியில் பிளந்த சிம்பு, நெருப்பில் விழுந்த கிழங்கைக் கையாலேயே எடுத்தது எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. சில காயங்களுக்கு மட்டும் காரணமே கிடைக்கவில்லை. இரவு நன்றாக இருந்த விரல் விடிந்தால் குறைந்திருக்கும். ஒருவர் இரவு முழுக்க விழித்திருந்து பார்த்தபோது தெரிந்தது: தூங்குகிறவர் விரலை எலி கடிக்கிறது, அவர் அசையவே இல்லை. அப்போதிருந்து அங்கிருந்து வீடு திரும்புகிறவர்கள் கையோடு ஒரு பூனையையும் கொண்டுபோனார்கள். ஆராய்ச்சி இதழ்களில் வரக்கூடிய மருந்துச்சீட்டு அல்ல. ஆனால் வேலை செய்தது.

கவனமாகப் பார்த்துக்கொண்டால் விரல்கள் குறைவது நின்றது. அப்படியானால் தொழுநோய் சதையை அழுகவைக்கவில்லை. அது நரம்பைக் கொன்று வலியை எடுத்துவிடுகிறது. மிச்சத்தைச் செய்வது அன்றாட வாழ்க்கை. நூற்றாண்டுக்கணக்காக உலகம் நம்பிக்கொண்டிருந்த ஒன்று தவறென்று வேலூரில் கண்டுபிடித்தார்கள். புகழ் பிராண்டுக்கு வந்தது. 1960இல் லாஸ்கர் விருதும் கொடுத்தார்கள். ஆனால் கண்டுபிடித்ததில் பெரும்பங்கு, பெயர் எங்கும் பதிவாகாத அந்தத் தமிழ் இளைஞர்களுடையது. இரவில் கண்விழித்தவர்கள் அவர்கள்தாம்.

பிராண்டுக்கே ஒருமுறை பயம் வந்தது. 1950களின் தொடக்கத்தில் ஒரு நீண்ட பயணம் முடிந்து லண்டனில் ஓர் இரவு காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசி எடுத்துக் குத்திப் பார்த்தார், தெரியவில்லை. தொழுநோய் வந்துவிட்டது, இனி மனைவி பிள்ளைகளோடு இருக்கமுடியாது என்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. விடிந்ததும் மறுபடி ஊசியால் குத்தினார். உயிர் போகிற மாதிரி வலித்தது. ரயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்து வந்ததில் நரம்பு மரத்துப்போயிருந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னதாகப் பிற்காலத்தில் பல இடங்களில் சொன்னார்.

1955இல் வேலூருக்குப் பக்கத்தில் காரிகிரியில் தொழுநோய்க்கென்றே ஓர் ஆராய்ச்சி மருத்துவமனை எழுந்தது. பிராண்டின் குழுவில் இருந்த இன்னொருவரையும் இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1954இல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 'இனி நமக்கு அறுவை இல்லை' என்று கிடந்தார். தொழுநோயாளியின் கைக்கு அறுவை செய்ய நிற்கத் தேவையில்லை, உட்கார்ந்தே செய்யலாம் என்று பிராண்ட் சொன்னார். சக்கர நாற்காலியில் இருந்தபடி மேரி எத்தனையோ கைகளைச் சரிசெய்தார். பிறகு அமெரிக்காவில் படித்து வந்து, 1966இல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவமனை தொடங்கக் காரணமாக இருந்தார். அவர் பெயரிலேயே அது இன்றும் நடக்கிறது.

காரிகிரியிலிருந்து நம் பாதம் வரை

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்ற இடத்தில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கும் இருபது ஆண்டுகள். அங்கே போனபின்தான் நம் கதை தொடங்குகிறது.

உணர்ச்சியற்ற பாதத்தில் வரும் புண்ணுக்கு என்ன மருந்து? பிராண்டின் பதில்: பெரும்பாலும் மருந்தே வேண்டாம், அந்த இடத்தை மிதிக்காமல் விட்டால் போதும். வலி உள்ள மனிதன் தானாகவே நொண்டுவான், எடை வேறு இடத்துக்குப் போகும், புண் ஆறும். வலி இல்லாதவன் புண்ணின்மேலேயே நடப்பான். ஆகவே பாதத்தை அப்படியே ஒட்டி மாவுக்கட்டுப் போட்டு, எடை முழுப் பாதத்துக்கும் காலுக்கும் பரவும்படி செய்யவேண்டும். இந்தச் சிகிச்சையை 1930களிலேயே இலங்கையில் தொழுநோயாளிகளுக்குச் செய்துபார்த்தவர் மில்ரோய் பால் என்ற தமிழ் அறுவை மருத்துவர். பின்னாளில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் அறுவைப் பேராசிரியர் ஆனவர். தமிழ் நிலத்திலும் இலங்கையிலும் பழகிய இந்த முறையை பிராண்ட் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். வேலூரில் உருவான மெத்தென்ற சிறுதுளை ரப்பர் செருப்பும் அப்படித்தான் பரவியது.

அங்குள்ள மருத்துவர்கள் பிறகு ஒன்றைக் கவனித்தார்கள். நீரிழிவுக்காரர்களின் பாதப்புண்ணும் இதே மாதிரி இருக்கிறதே! சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்கு மீறி இருந்தால் பாத நரம்பு பட்டுப்போகிறது. ரத்த ஓட்டமும் குறைகிறது. 'சர்க்கரை இருந்தால் புண் ஆறாது, காலை எடுக்கவேண்டியதுதான்' என்றிருந்த நிலையில், மிதிக்காமல் வைத்தால் பல புண்கள் ஆறுகின்றன என்று காட்டினார்கள்.

வலியைச் செயற்கையாகத் தயாரிக்கவும் பிராண்ட் முயன்றார். கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை அளக்கும் கருவிகள் வைத்து, அளவு மீறினால் காதில் ஒலி எழும்படி செய்தார். நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. சரி என்று மின்னதிர்ச்சி கொடுத்தார். ஒருவர் திருகாணியை முடுக்கவேண்டி வந்ததும் கருவியை அணைத்துவிட்டு, முடுக்கி முடித்ததும் மறுபடி போட்டுக்கொண்டார். பெரும் பணம் செலவான அந்த முயற்சி கைவிடப்பட்டது. அணைக்க முடியாததாக இருப்பதால்தான் வலி நம்மைக் காப்பாற்றுகிறது என்று பிராண்ட் முடிவுக்கு வந்தார். 2003ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி அவர் காலமானார்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நீரிழிவுள்ள பலருக்கு முதலில் பாதத்தில் எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் வரும். இரவில் தூக்கம் கெடும். சில காலம் கழித்து எரிச்சல் நின்றுவிடும். "மருந்து நல்லா வேலை செய்யுது, இப்ப எரிச்சலே இல்ல" என்று அம்மா சந்தோஷமாகச் சொல்வார். சிலருக்கு அது உண்மையாக இருக்கலாம். சிலருக்கு நரம்பு பேசுவதை நிறுத்திவிட்டது என்று பொருள். எரிச்சல் போனபின்தான் அதிகமாகப் பார்க்கவேண்டும்.

பார்ப்பது என்றால் தினமும் ஒருமுறை, வெளிச்சத்தில், விரல் இடுக்கு உட்பட. வயதானவர்களுக்குக் குனிய முடியாது, கண்ணும் மங்கியிருக்கும். பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ பார்க்கலாம். கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கியும் காட்டலாம். பிராண்ட் தம் நோயாளிகளின் பாதங்களைக் கையால் தடவிப் பார்ப்பார். ஓரிடம் மட்டும் மற்ற இடத்தைவிடச் சூடாக இருந்தால், புண் வருவதற்கு முன்பே அங்கே ஏதோ நடக்கிறது என்று பிடித்துவிடுவார். அந்தப் பழக்கம் நமக்கும் ஆகும். சிலிப்பரைப் போடுமுன் கவிழ்த்து உதறுவது, கால் கழுவும் வெந்நீரைப் பாதத்தால் அல்லாமல் முழங்கையால் தொட்டுப் பார்ப்பது, வீட்டுக்குள்ளும் செருப்போடு நடப்பது எல்லாம் அந்த வகைதான். வீட்டுக்குள் செருப்பு என்றதும் முகம் சுளிக்கும் பெரியவர்கள் உண்டு. அதற்கென்றே ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

இன்னும் ஒன்று, சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. தைப்பூசத்தில் வெயில் ஏறிய தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடப்பதும், தீமிதியும், நண்பகலில் கோயில் கல்தரையில் பிரகாரம் சுற்றுவதும் நம் வழிபாட்டோடு கலந்தவை. உணர்ச்சி உள்ள பாதம் சுட்டால் ஓரமாக ஒதுங்கும். சுடாத பாதம் ஒதுங்காது. கொப்புளம் இருப்பது மறுநாள் காலுறை ஈரமானபிறகுதான் தெரியும். நேர்த்திக்கடனை விடச் சொல்லவில்லை. நடக்கவேண்டுமானால் அதிகாலையில் நடக்கலாம். தீமிதியைப் பற்றி மருத்துவரிடம் முதலில் கேட்டுவிடுவதே நல்லது.

காலில் ஆறாத புண் இருந்தால் மருந்துக்கடைத் தூளைப் போட்டுக் கட்டிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டாம். மாவுக்கட்டு முறையும் பழகிய கையால் மட்டும் செய்யவேண்டியது. தவறாகக் கட்டினால் அதுவே புண்ணாகும்.

பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, கார்விலில் பிராண்டோடு வேலை செய்தவர்கள் வழியாக வந்த ஓர் எளிய சோதனை உண்டு. கைப்பிடியில் பொருத்திய ஒரு நைலான் இழை. 10 கிராம் அழுத்தத்தில் அது வளையும். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, கட்டைவிரல் நுனியிலும் பாதத்தின் சில இடங்களிலும் அதைத் தொட்டுத் தொட்டு எடுப்பார்கள். தெரிந்தால் 'தெரிகிறது' என்று சொல்லவேண்டும். சில நிமிட வேலைதான். அடுத்த முறை சர்க்கரை பார்க்கக் கிளினிக்குக்கு அப்பாவை அழைத்துப் போகும்போது, செருப்பைக் கழற்றிவைத்து, அதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.